எழவு வீட்டில் வாய் திறந்த வேலைக்காரி

ஈரோட்டுப் பக்கம் ஒரு கல்லூரியில் ஆங்கில இலக்கியம் முதுகலை படிக்கும் மாணவி கேட்டிருக்கிறார்: "லாங்ஸ்டன் ஹியூஸ் எழுதிய ‘கோரா அன்அஷேம்ட்’ எங்களுக்குப் பாடம். இதை இன அநீதிக் கதை என்று வகுப்பில் சொன்னார்கள். ஆனால் கதையில் சாட்டையடி இல்லை, கும்பல் கொலை இல்லை, கறுப்பர்களுக்குத் தனி வாசல்கூட இல்லை. ஒரு வேலைக்காரி முதலாளி வீட்டுப் பெண்ணைத் தன் பிள்ளைபோல் வளர்க்கிறாள், அவள் செத்ததும் கதறுகிறாள். இது தாய்ப்பாசக் கதை இல்லையா ஐயா? நம்ம ஊரில் வைத்து இதை எப்படிப் புரிந்துகொள்வது?"

தாய்ப்பாசக் கதை என்று தாராளமாக எழுதலாம் அம்மிணி. ஆனால் அதோடு நிறுத்தினால் பாதிக் கதை கைநழுவிவிடும். கடையில் விற்கும் கைடுகளில் "கோரா தாயன்பின் சின்னம்" என்கிற மாதிரி ஒரு வரி தவறாமல் இருக்கும். அந்த வரியைக் கோராவின் முதலாளியம்மாளிடம் காட்டினால் அவளே சந்தோஷமாகத் தலையாட்டுவாள். அதுதான் அதில் உள்ள வம்பு. கோராவின் அன்பு அந்த வீட்டுக்கு என்றைக்குமே வேண்டியிருந்தது. அவள் பேச்சுதான் ஆகவில்லை. பிள்ளையைக் குளிப்பாட்ட, ஊட்ட, தூங்கவைக்க அவள் வேண்டும். அந்தப் பிள்ளைக்கு ஒரு கஷ்டம் வரும்போது என்ன செய்யலாம் என்று சொன்னால், "வாயை மூடு". நீங்கள் தேடும் இன அநீதி இந்தக் கதையில் அங்கேதான் குடியிருக்கிறது.

கதையைப் படிக்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எழுதிய ஹியூஸ் அமெரிக்கக் கறுப்பின எழுத்தாளர். கதை 1933இல் ‘அமெரிக்கன் மெர்க்குரி’ இதழில் வந்தது. அடுத்த வருடம் ‘தி வேஸ் ஆஃப் ஒயிட் ஃபோக்ஸ்’ தொகுப்பில் முதல் கதையாக இடம்பெற்றது. அயோவா மாநிலத்தில் மெல்ட்டன் என்று ஒரு கற்பனை ஊர். பட்டிக்காட்டிலும் சேராது, பட்டணத்திலும் சேராது. அங்கே இருக்கும் ஒரே கறுப்பர் குடும்பம் ஜென்கின்ஸ் குடும்பம். மூத்த மகள் கோரா எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டுவிட்டு வேலைக்குப் போனவள். ஸ்டூடவன்ட் என்கிற வெள்ளைக்காரர் வீட்டில் சமையல், துணி, பாத்திரம், பிள்ளை வளர்ப்பு எல்லாம் அவள் தலையில். கூடப் பிறந்தவர்கள் ஒவ்வொருவராக ஊரைவிட்டுப் போய்விட, குடிக்கிற அப்பனையும் சீக்காளி அம்மாவையும் வைத்துக்கொண்டு இவள் மட்டும் அங்கேயே நிற்கிறாள்.

இளவயதில் ஜோ என்கிற வெள்ளைக்காரத் தொழிலாளி, வேறு தேசத்திலிருந்து பிழைக்க வந்தவன், அவளோடு பழகிவிட்டுப் போய்விடுகிறான். பெண் குழந்தை பிறக்கிறது. ஜோசஃபின் என்று பேர் வைக்கிறாள். கோரா வெட்கப்படவும் இல்லை, ஊருக்கு ஒளிக்கவும் இல்லை. அந்தக் குழந்தை கக்குவான் இருமலில் செத்துப்போகிறது. குழிமேட்டில் நின்று கடவுளை வாய்க்கு வந்தபடி திட்டுகிறாள். அப்புறம் வேலைக்குத் திரும்புகிறாள். அதே வயசில் இருக்கும் முதலாளி வீட்டுக் குழந்தை ஜெஸ்ஸியைத் தூக்கி வளர்க்கிறாள்.

ஜெஸ்ஸி படிப்பில் மந்தம். வீட்டில் மற்றவர்கள் அவளை ஒரு சுமையாகவே பார்க்கிறார்கள். அடுக்களையில் கோராவோடு இருக்கும்போது மட்டும் அந்தப் பெண் கலகலப்பாக இருப்பாள். பத்தொன்பது வயசில், பள்ளிப் படிப்பு முடியும் வருடத்தில், ஐஸ்கிரீம் கடைக்காரர் மகன் வில்லியிடம் மனசு போகிறது, கர்ப்பமாகிறாள். வில்லியின் அப்பா கிரேக்க நாட்டுக்காரர். ஜெஸ்ஸி முதலில் கோராவிடம்தான் சொல்கிறாள். கோரா அம்மாக்காரியிடம் எடுத்துச் சொல்ல, வீடு இரண்டுபடுகிறது. ஈஸ்டருக்குத் துணிமணி எடுக்கப் போகிறோம் என்று ஊருக்குச் சொல்லிவிட்டு, அம்மா அவளைக் கான்சாஸ் சிட்டிக்குக் கூட்டிப்போய்க் கருவைக் கலைத்துக் கூட்டிவருகிறாள். கிரேக்கக் குடும்பத்தின் கடை உரிமமும் பறிபோகிறது. அவர்கள் ஊரைவிட்டே போக வேண்டியதாகிறது. ஜெஸ்ஸி தேறவே இல்லை, செத்துப்போகிறாள். எழவு வீட்டில் பூவும் பாட்டும் பிரசங்கமுமாக எல்லாம் முறைப்படி நடக்கும்போது, கோரா சவப்பெட்டியின் தலைமாட்டுக்கு வந்து நின்று, உன்னைக் கொன்றுபோட்டார்கள், உன் பிள்ளையையும் கொன்றார்கள் என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிடுகிறாள். வீட்டு ஆண்கள் அவளை வெளியேற்றப் பாய்கிறார்கள். அன்றோடு அந்த வேலை முடிந்தது. ஊர் ஓரத்தில் அப்பன் ஆத்தாளோடு தோட்டம் போட்டுப் பிழைக்கிறாள்.

இப்போது ஒரே ஒரு காட்சியை மட்டும் நெருங்கிப் பாருங்கள். ஜெஸ்ஸி கர்ப்பம் என்று தெரிந்து அம்மாக்காரி துடித்துக்கொண்டிருக்கிறாள். கோரா ஆறுதலாக, வேண்டும் என்று பெற்றுக்கொள்கிற பிள்ளையால் என்ன தொந்தரவு, நானும் ஒன்று பெற்றேனே என்கிற மாதிரிச் சொல்கிறாள். அம்மாக்காரி அதட்டுகிறாள். "சரிங்கம்மா" என்று அடங்குகிறாள் கோரா. அடங்கிவிட்டு, உடனே மறுபடியும், ஆனாலும் நான் பெற்றேன் என்கிறாள். மறுபடி அதட்டல். மறுபடி "சரிங்கம்மா". நாலைந்து வரிதான். அந்த வீட்டில் இத்தனை வருடமாக ஜோசஃபினைப் பற்றி யாராவது ஒரு வார்த்தை கேட்டிருப்பார்களா என்று யோசித்தால் அந்த "நான் பெற்றேன்" எவ்வளவு கனமானது என்று தெரியும். அங்கே இருப்பது இரண்டு அம்மாக்கள். பிள்ளையைப் பறிகொடுத்த அனுபவம் உள்ளவள் ஒருத்திதான். அவளைத்தான் வாயை மூடச் சொல்கிறார்கள். நான் வகுப்பெடுத்த காலத்தில் எழவுக் காட்சியை விட இந்த இடத்தில்தான் அதிக நேரம் நிற்பேன். கடைசியில் கோரா கத்துவது திடீரென்று வந்த ஆவேசம் என்று பலர் எழுதுகிறார்கள். இரண்டு முறை அடக்கப்பட்ட அதே பேச்சுதான் அங்கே மூன்றாவது முறையாக வருகிறது. இந்தமுறை அதட்ட வேண்டியவர்கள் சபை நடுவில் மாட்டிக்கொண்டார்கள்.

வேலைக்காரியின் அன்பை மெச்சிக்கொண்டே அவள் வாயை அடைக்கிற இந்தப் பழக்கம் ஏதோ ஒரு வீட்டுச் சமாச்சாரம் அல்ல. ஹியூஸ் இதை எழுதுவதற்குப் பத்து வருடம் முன்னால், 1923இல், ‘மாமி’ என்று அழைக்கப்பட்ட கறுப்பின ஆயாக்களின் விசுவாசத்துக்கு நன்றிக்கடனாகத் தலைநகர் வாஷிங்டனில் சிலை வைக்க வேண்டும் என்று தென் மாநில வெள்ளைக்காரப் பெண்கள் சங்கம் ஒன்று கேட்டது. (நம்ம ஊர் மாமி இல்லை, வெள்ளைக்காரப் பிள்ளைகளை வளர்த்த கறுப்புக் கிழவிக்கு அங்கே அதுதான் பேர்.) செனட் சபை ஒப்புதலும் கொடுத்துவிட்டது. அதே செனட்தான், அதற்குச் சில மாதம் முன்பு, கறுப்பர்களைக் கும்பலாகச் சேர்ந்து கொல்வதைத் தடுக்க வந்த டயர் மசோதாவை நிறைவேறவிடாமல் முடக்கியது. பிள்ளையைக் கும்பல் கொன்றால் கேட்க நாதியில்லை. பிறத்தியார் பிள்ளையை வளர்த்ததற்குக் கல்லில் சிலை. கறுப்பினப் பெண்கள் அமைப்புகளும் பத்திரிகைகளும் கொதித்தெழுந்ததில், சிலைத் திட்டம் கீழ்ச்சபையில் அப்படியே கிடந்து மறைந்தது. கோராவை ‘தாயன்பின் சின்னம்’ என்று நீங்கள் எழுதும்போது, தெரியாமல் அந்தச் சிலைக்குத்தான் மாலை போடுகிறீர்கள்.

ஹியூஸுக்கு இது ஏட்டறிவு அல்ல. கான்சாஸ் மாநிலத்து லாரன்ஸ் என்கிற சிற்றூரில் பாட்டியிடம் வளர்ந்தவர் அவர். அம்மா பிழைப்புக்காக ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தார். வெள்ளைக்காரர் மெஜாரிட்டியாக இருக்கும் நடுமேற்கு ஊர்களின் மௌனமும் மரியாதையும் எப்படி வேலை செய்யும் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். இந்தத் தொகுப்புக் கதைகளை எழுதத் தூண்டியது ஆங்கிலேய எழுத்தாளர் டி.எச். லாரன்ஸின் சிறுகதைகள், மாஸ்கோவில் தங்கியிருந்தபோது அவற்றைப் படித்துவிட்டு, இதே கூர்மையோடு நம்ம ஆட்களையும் வெள்ளைக்காரர்களையும் பற்றி எழுதலாமே என்று உட்கார்ந்தவர்.

சாட்டையும் தனி வாசலும் இல்லையே என்று கேட்டீர்கள். அவர் அயோவாவைப் பிடித்ததற்குக் காரணமே அதுவாக இருக்கும் என்பது என் எண்ணம். அயோவா சட்டப்படி பார்த்தால் நல்ல பிள்ளை. கறுப்பரும் வெள்ளையரும் மணம் செய்யக் கூடாது என்கிற தடையை 1851லேயே எடுத்துவிட்டார்கள். நாடு முழுக்க அந்தத் தடை செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 1967இல்தான். கறுப்பினச் சிறுமியை வெள்ளைக்காரப் பிள்ளைகளின் பள்ளியில் சேர்க்க மறுத்தது தவறு என்று 1868இல் அந்த மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொல்லிவிட்டது. ஆகக் கோராவும் ஜோவும் சட்டப்படி கல்யாணம் செய்திருக்கலாம்; ஜோசஃபின் பொதுப் பள்ளியில் படித்திருக்கலாம். சட்டம் ஒன்றும் குறுக்கே நிற்காத ஊரில், ஒரு குடும்பம் மட்டும் கறுப்பாக இருக்கும் இடத்தில், அநீதி எந்த ரூபத்தில் நடமாடும் என்பதைத்தான் கதை காட்டுகிறது. அங்கே யாரும் கோராவை அடிக்க வேண்டிய அவசியமே இல்லை. அவளுக்குப் போக வேறு வீடு கிடையாது, அவ்வளவுதான்.

கிரேக்கக் குடும்பத்தைப் பலர் கவனிக்காமல் தாண்டிவிடுகிறார்கள். தாண்டாதீர்கள். ஜெஸ்ஸியிடம் கோரா, கல்யாணம் செய்துகொள்வதில் என்ன தடை, நீங்கள் இரண்டு பேருமே வெள்ளைதானே என்கிறாள். அவள் நின்ற இடத்திலிருந்து பார்த்தால் அது சரியான கணக்கு. அவளுக்கும் ஜோவுக்கும் நடுவே இருந்த மதில் ஜெஸ்ஸிக்கு இல்லை. ஆனால் ஸ்டூடவன்ட் வீட்டு ஏணியில் இன்னும் நிறையப் படிகள் இருந்தன. அந்தக் காலத்து அமெரிக்காவில் கிரேக்கர்கள் அரைகுறை வெள்ளை. 1909இல், அயோவாவுக்கு மிசௌரி ஆற்றின் அக்கரையில் இருக்கும் தெற்கு ஒமாஹாவில், ஒரு கும்பல் கிரேக்கக் குடியிருப்பையே சூறையாடி ஆட்களை ஊரைவிட்டு விரட்டியது. 1924இல் வந்த குடியேற்றச் சட்டம் கிரேக்க நாட்டிலிருந்து வருடத்துக்கு நூறு பேருக்குத்தான் இடம் ஒதுக்கியது. இன வெறி கறுப்பர் வாசலோடு நின்றுவிடவில்லை. அது கடைசியில் சொந்த வீட்டுப் பெண்ணின் வயிற்றுக்குள்ளேயே வந்து யார் பிறக்கலாம், யார் பிறக்கக் கூடாது என்று தீர்மானிக்கிறது. ஜோசஃபினை நோய் கொண்டுபோயிற்று. ஜெஸ்ஸியையும் அவள் கருவையும் அந்தஸ்து கொண்டுபோயிற்று. இரண்டு பிள்ளைகளுக்கும் அழுதவள் ஒருத்திதான்.

இங்கே ஒரு சின்ன எச்சரிக்கை. கருக்கலைப்பே பாவம் என்று சொல்லும் கதையாக இதைச் சிலர் வாசிக்கிறார்கள். எனக்கு அது ஒப்பவில்லை. கதையில் ஜெஸ்ஸிக்கு என்ன வேண்டும் என்று கோராவைத் தவிர ஒருவரும் கேட்கவில்லை. கோரா குற்றம் சாட்டுவது அதைத்தான். தன் உடம்பைப் பற்றித் தானே முடிவெடுக்கும் பெண்ணைப் பற்றிய கதை அல்ல இது. குடும்ப மானத்துக்காக அந்த முடிவு அவளிடமிருந்து பறிக்கப்பட்ட கதை.

சரி, நம்ம ஊருக்கு வருவோம். கோராவை அப்படியே தூக்கிக் கொங்கு நாட்டுத் தோட்டத்து வீட்டில் உட்காரவைத்துவிட முடியாது. நிறமும் சாதியும் ஒரே மாதிரி வேலை செய்வதில்லை. ஸ்டூடவன்ட் வீட்டில் எல்லாரும் சாப்பிட்டது கோரா கையால் சமைத்தது. தென் மாநிலங்களில் அடிமைக் காலத்தில் வெள்ளைக் குழந்தைகளுக்குக் கறுப்புத் தாய்மார் பாலே கொடுத்தார்கள். கொங்குப் பகுதியின் பழைய பண்ணையத்தில் அருந்ததியர் பெண்ணுக்கு அடுக்களை வாசலே கிடையாது. அவள் வேலை கட்டுத்தரையில் சாணி அள்ளுவது, வாசல் கூட்டுவது, காட்டில் களையெடுப்பது. தாகம் என்றால் எட்ட நின்று குனிந்து இரண்டு கையையும் குவித்துக்கொள்ள வேண்டும். சொம்பை உயரத் தூக்கி ஊற்றுவார்கள். பழைய சோறு அவள் கொண்டுவரும் போசியில் விழும். அந்த வீட்டுப் பத்து வயசுப் பையன், பாட்டி வயசு இருக்கும் அவளைப் பேர் சொல்லி "வா, போ" என்பான். அவள் அவனைச் "சாமி" என்பாள். வார்த்தைக்கு வார்த்தை "ங்க" போட்டுப் பேசுகிற மரியாதைச் சீமை என்று நாம் பீற்றிக்கொள்ளும் இதே ஊரில்தான். பிள்ளைப்பேற்றுக்கு நாவிதர் வீட்டுப் பெண் மருத்துவச்சியாக வருவாள். தொப்புள்கொடி அறுக்க அவள் கை வேண்டும். தீட்டுக் கழித்த பிறகு அவள் பழையபடி எட்ட நிற்க வேண்டியவள். ஆக, அங்கே தொட்டு வேலை வாங்கினார்கள். இங்கே தொடாமல் வேலை வாங்கினார்கள். இந்த வித்தியாசத்தை ஒரு பத்தியிலாவது சொல்லாமல் "கோராவும் நம் பண்ணையாளும் ஒன்றே" என்று எழுதினால் நான் மார்க் குறைப்பேன்.

அப்படியானால் ஒப்புமை எங்கே இருக்கிறது? அவளவள் பெற்ற பிள்ளைக்கு என்ன ஆனது என்கிற கேள்வியில். பண்ணையத்தில் முன்பணம் வாங்கிய குடும்பம் என்றால் ஆத்தாள் காட்டு வேலைக்கு, அப்பன் ஏற்றம் ஓட்டுவதற்கு, பையன் ஆடு மேய்க்க. பெருமாள்முருகனின் ‘கூளமாதாரி’ நாவல் அப்படி ஆட்டுப்பட்டிக்கு விடப்பட்ட அருந்ததியச் சிறுவர்களின் உலகம். தன் பிள்ளையைத் தன்னோடு வைத்துக்கொள்ளும் உரிமையே கடனில் அடமானமாகிப் போன தாய்மார் அங்கே இருக்கிறார்கள். கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் வந்தது 1976இல். அதற்கு முந்தைய தலைமுறையைக் கேட்டால், இதையெல்லாம் ஒரு அதிசயமாகவே சொல்ல மாட்டார்கள்.

இப்போதைய வடிவம் பார்க்க வேண்டுமானால் கோயம்புத்தூர் அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்குப் போகலாம். குளத்தங்கரையிலும் ஊருக்கு நடுவிலும் குடியிருந்த குடும்பங்கள் கீரணத்தம், மலுமிச்சம்பட்டி மாதிரி ஓரங்களில் இருக்கும் வாரிய வீடுகளுக்கு மாற்றப்பட்டுவிட்டன. வேலை கிடைக்கும் வீடுகள் ஊருக்குள்ளேயே இருக்கின்றன. காலையில் பஸ் பிடிக்கத் தன் பிள்ளைகளை அரைத் தூக்கத்தில் விட்டுவிட்டு வருகிற பெண்தான், இங்கே இன்னொரு வீட்டுக் குழந்தைக்கு இட்லி ஊட்டி ஸ்கூல் வேனில் ஏற்றிவிடுகிறாள். எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் இதை நேரில் பார்த்திருக்கிறேன். இடுப்பில் அவர்கள் வீட்டுக் குழந்தை, தோளுக்கும் காதுக்கும் நடுவே போன். மறுமுனையில் அவளுடைய சின்னவன், காய்ச்சல், அழுகிறான். "பக்கத்து வூட்டு அக்காகிட்ட போயி மாத்திரை வாங்கிப் போட்டுக்க கண்ணு, அம்மா சாயங்காலம் வந்துர்றேன்" என்று சொல்லிக்கொண்டே இடுப்புக் குழந்தையின் மூக்கைத் துடைத்துவிடுகிறாள். வீட்டம்மாள் என்னிடம் பெருமையாகச் சொன்னார்: "எங்க பாப்பாவைப் பெத்த புள்ளையாட்டம் பாத்துக்குவாங்க. வேலைக்காரின்னே நாங்க நினைக்கிறதில்லைங்க." பொய்யில்லை, அவர் மனசறிந்துதான் சொன்னார். அந்தப் பெண்ணுக்கு எத்தனை பிள்ளைகள் என்று கேட்டேன். யோசித்தார். ரெண்டோ மூணோ என்றார்.

வேலைக்காரத் தாயின் பேச்சு சபையில் ஏறுமா என்பதுதான் கதையின் கடைசிக் கேள்வி. இதற்குக் கொங்குப் பகுதியில் அச்சு அசலான ஒரு பதில் உண்டு, ஆனால் அது கதையில் இல்லை, கோர்ட்டில் இருக்கிறது. 2015 ஜூனில் ஓமலூரைச் சேர்ந்த பொறியியல் பட்டதாரி கோகுல்ராஜ், திருச்செங்கோடு மலைக்கோயிலுக்கு வந்த இடத்திலிருந்து கடத்தப்பட்டு, மறுநாள் பள்ளிபாளையம் பக்கம் ரயில் தண்டவாளத்தில் பிணமாகக் கிடந்தார். தலித் இளைஞர்; கூட வந்தது வேறு சாதிப் பெண். தற்கொலை போலத் தோற்றம் காட்டப்பட்டிருந்தது. அவருடைய தாய் சித்ரா அதை ஏற்காமல் வருடக்கணக்காக நீதிமன்றம் ஏறி இறங்கினார். வழக்கை வேறு ஊருக்கு மாற்றவைத்ததும் அந்தத் தாயின் பிடிவாதம்தான். 2022 மார்ச்சில் மதுரைச் சிறப்பு நீதிமன்றம் சாதி அமைப்பு ஒன்றின் தலைவரான யுவராஜ் உள்ளிட்ட பத்துப் பேரைக் குற்றவாளிகள் என்று அறிவித்தது; அடுத்த வருடம் உயர் நீதிமன்றமும் அவர்கள் குற்றவாளிகள் என்பதை உறுதிசெய்தது. கோரா எழவு வீட்டில் சொன்னதும் இந்தத் தாய் நீதிமன்றத்தில் சொன்னதும் ஒரே வாக்கியம்தான்: என் பிள்ளை தானாகச் சாகவில்லை. கோராவின் வாக்கியம் கூடத்தைத் தாண்டவில்லை. ஒரு வித்தியாசம் கவனியுங்கள். சித்ரா பேசியது தான் பெற்ற மகனுக்காக. சட்டம் அவரைத் தாய் என்று ஒப்புக்கொண்டது. கோராவுக்கு ஜெஸ்ஸி விஷயத்தில் அப்படி எந்தப் பிடிமானமும் கிடையாது. அவள் வெறும் வேலைக்காரி. ஜெஸ்ஸி எப்படிச் செத்தாள் என்று கேட்க அவளுக்கு இந்த உலகத்தில் எந்த அலுவலகமும் இல்லை.

கதையில் எனக்குக் குறையாகப் படுவதையும் சொல்கிறேன். முதலாளியம்மாள் கொஞ்சம் அட்டைப்பொம்மை. மானம், விருந்து, மகளிர் மன்றம் என்று ஒரே சுருதியில் இருக்கிறாள். பெற்ற மகள் செத்த பிறகு அவளுக்குள் என்ன நடந்தது என்று ஹியூஸ் எட்டிப் பார்க்கவே இல்லை. ஜெஸ்ஸியும் பெரிதாக வாய் திறப்பதில்லை. இதெல்லாம் வெள்ளைக்காரர்களைப் பற்றிய கறுப்பரின் பார்வை என்கிற தொகுப்பின் திட்டத்துக்குள் வருவதுதான் என்று வாதாடலாம். வாதாடுங்கள், ஆனால் குறையே இல்லை என்று எழுதாதீர்கள். இன்னொன்று: கோராவை ஹியூஸ் மரத்தோடு ஒப்பிடுகிறார், வேர் பிடித்து நிற்கிறவள் என்று. அதைப் படித்ததும் "பொறுமையின் சிகரம்" என்று ஆரம்பித்துவிடுவார்கள். நின்ற இடத்திலேயே நிற்க வேண்டிய கட்டாயத்தைப் பொறுமை என்று மெச்சுவது ஸ்டூடவன்ட் வீட்டுப் பார்வை.

பெரிய கேள்வியாக வந்தால் பதிலை இப்படி ஆரம்பித்துப் பாருங்கள். கதையில் இரண்டு எழவு இருக்கிறது. முதலாவதில் கோரா கடவுளைத் திட்டுகிறாள். ஊர் முகம் சுளிக்கிறது, ஆனால் யாருக்கும் நஷ்டமில்லை. அவள் அடங்கி வேலைக்குத் திரும்பிவிடுகிறாள். இரண்டாவதில் மனுஷர்களைச் சுட்டுகிறாள், ஊர் பேர் சொல்லி, கான்சாஸ் சிட்டி என்று சொல்லி. இந்தமுறை வேலைக்குத் திரும்ப வழியில்லை. இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, நடுவில் அந்த "நான் பெற்றேன்" காட்சியைக் கொண்டுவந்தால், இனமும் தாய்மையும் தனித்தனித் தலைப்பாக உங்களுக்குத் தேவையே படாது.

கடைசியாக, கோரா வெளியேறியதை வெற்றி என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். நானும் அந்தக் காட்சியில் சந்தோஷப்படுகிறவன்தான். ஆனாலும் அவள் எதைவிட்டுப் போனாள் என்று கணக்குப் பாருங்கள். கதை அச்சான இரண்டாவது வருடம், 1935இல், அமெரிக்காவில் முதியோர் ஓய்வூதியத்துக்குச் சமூகப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. விவசாயக் கூலிகளையும் வீட்டு வேலை செய்பவர்களையும் வெளியே நிறுத்திவிட்டார்கள். கறுப்பினத் தொழிலாளர்களில் பெரும்பகுதி இந்த இரண்டு வேலையில்தான் இருந்தார்கள். குறைந்தபட்சக் கூலிக்கு 1938இல் வந்த சட்டத்திலும் அதே கதை; வீட்டு வேலை அதற்குள் நுழைந்தது 1974இல். நம் பக்கம் தமிழ்நாட்டில் வீட்டுப் பணியாளர்களுக்கு நல வாரியம் அமைந்தது 2007இல். வீட்டு வேலை செய்பவர்களின் உரிமைக்காக சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2011இல் கொண்டுவந்த உடன்படிக்கைக்கு இந்தியா ஆதரவாக ஓட்டுப் போட்டது. இன்றுவரை ஏற்புக் கையெழுத்துப் போடவில்லை. கோரா நாற்பது வயசில் வேலையைவிட்டு நடந்தபோது அவளுக்குச் சேமிப்போ ஓய்வூதியமோ கிடையாது, பார்த்துக்கொள்ளப் பிள்ளையும் கிடையாது. தோட்டத்தை வைத்து எப்படியோ காலம் தள்ளுகிறார்கள் என்று ஒரே வரியில் ஹியூஸ் முடித்துவிடுகிறார். அந்த "எப்படியோ"வைப் பற்றி உங்கள் பதிலில் ஒரு பத்தி எழுதுங்கள். பெரும்பாலான கைடுகளில் அது இருக்காது.